முப்பத்தோராம் நாள் காலை பத்தரை மணி

அரசாங்க அலுவலகம் ஒன்றில் தபால் வாங்கும் மேசையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். ஆட்களை எடைபோடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கவுண்டருக்கு வருகிறவரின் முதல் வார்த்தையை வைத்தே இவர் கெஞ்சப் போகிறாரா, கத்தப் போகிறாரா, யாராவது பெரிய மனுஷர் பெயரை இழுக்கப் போகிறாரா என்று சொல்லிவிடுவேன். அந்த வித்தையில் நான் முழுசாகத் தோற்றது ஒரே ஒருவரிடம். பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்மணி அவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். அவர் கெஞ்சியதும் கிடையாது, கத்தியதும் கிடையாது. நாள் எண்ணுவார். அதைவிடப் பெரிய தொல்லை எங்கள் அலுவலகத்துக்கு அதுவரை வந்ததில்லை.

அவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். கிழக்கு பெங்களூரில் மழைநீர்க் கால்வாய் வேலைகளைக் கவனிக்கிற ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் திருப்பத்தூர்க்காரன். ஏஜென்சி மூலமாக அங்கே ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பித்தால் உண்டு. வருகிற மனுக்களை, அங்கே அர்ஜி என்பார்கள், வாங்கித் தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. பின்னாலிருந்த ரெக்கார்டு ரூம் சாவியும் என்னிடம்தான் இருந்தது.

அவர் கேட்டது ஒரே ஒரு பக்கம். அவருடைய தம்பி எங்கள் கான்ட்ராக்டரிடம் கால்வாய் தூர்வாரும் வேலையில் இருந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூடிபோட்ட கால்வாய்க்குள் இறங்கினான். உள்ளே விஷவாயு. ஏறி வரவில்லை. மறுநாளே கான்ட்ராக்டர், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அவன் குடித்துவிட்டுத் தானாகப் போய் விழுந்தான் என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகமும் அதையே எழுதிக்கொண்டது. ஆக, செத்தவன் எங்கள் வேலையாள் இல்லை என்று ஆகிவிட்டது. அவன் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டிய எதையும் கேட்க முடியாது. தெருவில் அவனுக்குக் குடிகாரன் என்ற பெயரும் நின்றுவிட்டது. அக்காக்காரி நம்பவில்லை. வேலையாட்களின் வருகையைக் குறிக்கிற ஹாஜரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அர்ஜி எழுதினார். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, சுருக்கமான கன்னடத்தில், ஒரே விஷயம். அடித்தல் திருத்தல் கிடையாது.

அதை அவர் கொடுத்த நாள் ஒரு ஒண்ணாம் தேதி. நான் வாங்கி முத்திரை குத்தி, நகலைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, கவுண்டரில் நிற்கிறார்.

"சார், நேத்து நீங்க போட்ட சீல்ல போன மாசம் இருக்குது."

பார்த்தேன். உண்மைதான். தேதி முத்திரையில் நாளுக்கு ஒரு ரப்பர் பட்டை, மாதத்துக்கு ஒரு பட்டை. தினமும் காலையில் நாளைத் திருப்புவேன். ஒண்ணாம் தேதி மாதத்தையும் திருப்ப வேண்டும், அதை மறந்துவிட்டேன். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் வருஷத்தில் நாலு தரமாவது செய்கிற பிசகு இது. நான் சிரித்தேன்.

"விடுங்க மேடம். உங்களுக்குத்தான் ஒரு மாசம் லாபம். எங்களுக்கு முப்பது நாள் டைம் ஏற்கெனவே முடிஞ்சிபோச்சுன்னு இன்னைக்கே மேல்முறையீடு போட்டுடலாம்."

"எனக்கு லாபம் வேணாம் சார். கரெக்டான நாள் போதும்," என்றார். "ஒரு நாள் கூட எடுத்துக்கினா, நாளைக்கு என் மொத்தப் பேச்சையும் பொய்னு சொல்லுவாங்க."

மாதத்தை வெட்டி, சரியான மாதத்தைப் பேனாவில் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பதிவேட்டிலும் அதேபோலத் திருத்தச் சொன்னார். திருத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று போய்விட்டார். ஒன்பது வருஷத்தில் தனக்குச் சாதகமான தப்பைத் திருத்த வந்த ஒரே ஆள் அவர்தான். இந்தப் பெண்மணியிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

நாங்கள் பதில் கொடுக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் தகவல் அதிகாரி ஓர் இன்ஜினியர். எல்லோரும் அவரை சாஹேப்ரு என்று கூப்பிடுவோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். கான்ட்ராக்டர் அறைக்குள் வந்தால் இவர்தான் எழுந்து நிற்பார். அர்ஜியைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று டிராயரில் போட்டார். எங்கள் அலுவலகத்தில் "இருக்கட்டும்" என்றால் இல்லை என்று அர்த்தம்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் மாத்திரை வாங்க அந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். என் வாடகை வீடு அடுத்த தெரு. கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு நாள்காட்டி. புத்த விகாரையில் கொடுத்தது. பௌர்ணமிகளை மட்டும் நீல வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பென்சிலில் சின்னதாக ஓர் எண். அன்றைக்கு இருபத்தொன்பது. எனக்கு என்னவோ பாவமாக இருந்தது.

"மேடம், சும்மா இருந்தா எங்க ஆபீஸ்ல வேலை நடக்காது. நாளைக்கே வந்து சாஹேப்ரைப் பாத்து ஒரு வார்த்தை கேளுங்க."

அவர் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு முப்பதாம் நாள் சார். அது உங்க நாள். உங்க நாள்ல நான் வந்து நிக்கக் கூடாது. அதுக்கப்புறம் வர்றது என் நாள்."

அவருடைய குணம் மொத்தமும் இந்த நாலு வாக்கியத்தில் அடக்கம். அடுத்தவர் நாளில் காலை வைக்க மாட்டார். தன் நாளில் ஒரு மணி நேரத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். முப்பத்தோராம் நாள் காலை பத்தரைக்குக் கவுண்டர் திறந்தபோது முதல் ஆளாக நின்றார். கையில் முதல் மேல்முறையீடு, தயாராக எழுதி, நகலோடு. அர்ஜி கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மறுநாள்தான் முதல் நாள் என்பதே அவர் எண்ணியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. வேலை பார்ப்பது நான், சட்டம் தெரிந்தவர் அவர்.

மாத்திரை அட்டை வெட்டுவதையும் சொல்ல வேண்டும். பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால், காலாவதித் தேதி அச்சான பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வெட்டுவார். கடைசித் துண்டு வரைக்கும் தேதி கடையிலேயே இருக்க வேண்டும். வெட்டிக் கொடுக்கிற துண்டின் முதுகில் அதே தேதியை மார்க்கரில் எழுதித் தருவார். ஒரு தரம் என் மனைவிக்குப் பத்து நாள் மாத்திரை எழுதியிருந்தார்கள். அட்டையைப் பார்த்தார், உள்ளே வைத்தார்.

"இது இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். இன்னைக்கு இருபத்தி நாலு, முப்பது நாள் மாசம். கடைசி மூணு மாத்திரையை அடுத்த மாசம் சாப்பிடுவாங்க. ஃப்ரேசர் டவுன்ல வாங்கிக்கங்க சார்."

"மூணு நாள்ல என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா தேதி போட்டவன் அன்னைக்கு வரைக்கும்தான் பொறுப்பு எடுத்துக்கினு இருக்கான். அதுக்கு மேல குடுத்தா நான் பொறுப்பு."

நான் முனகிக்கொண்டே ஃப்ரேசர் டவுன் வரைக்கும் நடந்தேன். இந்த மாதிரி ஆட்களை மதிக்கலாம், கூடவே குடித்தனம் நடத்துவது கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாளில் தருகிறேன் என்று குக்கர் வாங்கிப் போனால், மூன்றாம் நாள் காலையில் இவர் அந்த வாசலில் நிற்பார். கோபம் இருக்காது, முகம் சாதாரணமாக இருக்கும். "நேத்தோட ரெண்டு நாள் ஆச்சுக்கா" என்பார். அந்தத் தெருவில் இவரிடம் நாள் சொல்லி எதையும் வாங்க எல்லோருக்கும் பயம்.

முதல் மேல்முறையீடு எங்களுக்கு மேல்மாடியில் இருந்த பெரிய அதிகாரியிடம் போனது. அவருக்கும் முப்பது நாள். தாமதத்துக்குக் காரணம் எழுத்தில் கொடுத்தால் நாற்பத்தைந்து நாள் வரை போகலாம். முப்பத்தோராம் நாள் வழக்கம்போலப் பத்தரைக்கு அந்தப் பெண்மணி வந்தார். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்று சாஹேப்ரு சட்டம் பேசினார்.

"காரணம் எழுதிக் குடுத்தா நாப்பத்தஞ்சு சார். குடுத்தீங்களா?"

சாஹேப்ரு என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அப்படி எதுவும் போகவில்லை.

"குடுக்கலன்னா முப்பதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போடத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. அவர் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

இனி சொல்லப்போவது எனக்கு அவமானமான விஷயம். முதல் மேல்முறையீடு மேலே கிடந்த நாட்களில் ஒரு மதியம், ரெக்கார்டு ரூமில் வேறு எதையோ தேடப்போய் அந்த மாதத்து ஹாஜரிக் கட்டு கையில் கிடைத்தது. ஈரச் சுவரை ஒட்டித் தரையில் கிடந்தது. பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இருந்தது. அவருடைய தம்பியின் கையெழுத்து இருந்தது. தலைப்பெழுத்து தமிழில், பெயர் கன்னடத்தில். கதவைச் சாத்திவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு மேல் அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் கவுண்டரில் வந்து நின்றபோதும் பதிவேட்டை மட்டும் பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம். எனக்கும் குழந்தை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனாலும் கேவலம்தான்.

ஆணையத்துக்குத் தபால் போன வாரம் மனசு கேட்கவில்லை. கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். குரலைத் தாழ்த்தி, "மேடம், அந்தப் பக்கம் எங்க ஆபீஸ்லயே இருக்கு. போட்டோ எடுத்திருக்கேன். யார் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க," என்று போனை எடுத்தேன்.

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலமாரிப் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"காட்டாதீங்க சார். உள்ள வெச்சுக்கங்க."

"உங்களுக்காகத்தான் மேடம்..."

"தெரியும். நீங்க குடுத்தா அது திருட்டுப் பேப்பர். எங்க இருந்து வந்துச்சு, ஜோடிச்சதுன்னு கான்ட்ராக்டர் கேப்பான். என் தம்பி பேரு ஏற்கெனவே கெட்டுக் கெடக்குது. அது ஆபீஸ் சீல் போட்டு, வாசல் வழியா வரணும்."

அலமாரியில் ஒரு மருந்துப் பெட்டியை நேராக்கி வைத்தார். பிறகு, இன்னும் திரும்பாமலே, "இப்போ அதைப் பாத்துட்டேன்னா என்னால காத்துக்கினு இருக்க முடியாது சார். கத்திடுவேன்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவரைக் கல் என்று நினைத்திருந்தேன். தினமும் பென்சிலில் ஓர் எண் எழுதி, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தார் அந்தப் பெண். ஜீவனஹள்ளியில் ஆண்பிள்ளைகள் எல்லோரையும் வாய் நிறையத் தம்பி என்று கூப்பிடுவார்கள். என்னை மட்டுமல்ல, தன்னைவிடச் சின்னவர்கள் யாரையுமே அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோரும் சார்தான். காரணம் அன்றைக்குப் புரிந்தது.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் கட்டு கெட்டுப்போவாம பாத்துக்க முடியுமா சார்?"

அது முடியும். மறுநாளே கட்டைத் துடைத்து, அந்துருண்டை போட்டு, மூன்றாவது அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றினேன். ரெக்கார்டு ரூம் பதிவேட்டில் அலமாரி, தட்டு, கட்டு எண் எல்லாம் எழுதி, மாதக் கடைசியில் மற்றப் பக்கங்களோடு சேர்த்து சாஹேப்ரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அவர் படிக்காமல்தான் போடுவார். போட்டார். போனில் இருந்த படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

இதுவரைக்கும் அந்தப் பெண்மணியின் ராஜ்யம். அதற்குப் பிறகு அவர் மாட்டிக்கொண்டார். தகவல் அதிகாரிக்கு நாள் உண்டு, மேலதிகாரிக்கு நாள் உண்டு, மேல்முறையீடு போடுகிறவருக்கும் நாள் உண்டு. இரண்டாம் மேல்முறையீட்டை ஆணையம் இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. அங்கே ஏகப்பட்ட வழக்குகள் வரிசையில் கிடந்தன. நாலைந்து மாதம் கழித்துக் கடைக்குப் போனபோது நாள்காட்டியைப் பார்த்தேன். தேதிகளுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"இன்னா எழுதறதுன்னே தெரியல சார்," என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். "எது வரைக்கும்னு தெரிஞ்சா எவ்ளோ நாளு வேணாலும் இருப்பேன். இது எது வரைக்கும்?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம், அவ்வளவுதான், அந்தம்மா விட்டுவிடும் என்றேன். மறுபடியும் என் எடைக்கல் பொய்த்தது. பத்து நாளில் நாள்காட்டியில் பென்சில் எண்கள் திரும்ப வந்துவிட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. என்ன என்று கேட்டேன்.

"ஆணையமும் ஒரு ஆபீஸ்தானே சார்? அங்கேயும் தகவல் அதிகாரி ஒருத்தர் இருக்காருல்ல? என் மேல்முறையீடு எந்த மேஜையில இருக்குது, வரிசையில எத்தனாவதுன்னு கேட்டு அவருக்கு ஒரு அர்ஜி போட்டுட்டேன். அதுக்கு முப்பது நாள்."

நான் கடை வாசலிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மேலே ஒரு பக்கப் பல் கொஞ்சம் தூக்கி இருக்கும், அது தெரிந்த ஒரே சமயம் அதுதான். முப்பது நாளுக்குள் பதில் வந்தது. பதில் வந்த மறுநாள் அடுத்த அர்ஜி. நாள் இல்லாத இடத்தில் தானே நாளை உண்டாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்த வருஷத்தில்தான் அங்கன்வாடி சங்கதி நடந்தது. ஜீவனஹள்ளிப் பக்கம் கால்வாயின் தடுப்புச் சுவர் ஒன்று சரிந்து, அங்கன்வாடிக் கூரைமேல் சாய்கிற மாதிரி நின்றது. எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதி, அதையும் "இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இவர் அர்ஜியோடு வந்தார். அறிக்கையின் நகல் வேண்டுமாம். நான் முத்திரையை எடுத்தேன்.

"தேதி போதாது சார். மணியும் எழுதுங்க."

"மணி எதுக்கு?"

"உயிர் சம்பந்தப்பட்டதுன்னா நாப்பத்தெட்டு மணி நேரம்தான். இப்போ பத்து நாப்பது."

எழுதினேன். சாஹேப்ரு படித்துவிட்டு, அந்தப் பிரிவு ஜெயிலில் இருக்கிறவர்களுக்குத்தான், இதற்குப் பொருந்தாது என்று சொல்லிப் பார்த்தார். "பொருந்தாதுன்னு எழுதிக் குடுங்க சார். நாளைக்கு சுவர் விழுந்தா அந்தக் காகிதம் என் கையில இருக்கட்டும்," என்றார் இவர். சாஹேப்ரு எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு நாளாக அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்தார். வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு, சுவர் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்ற அறிக்கையின் நகல், முத்திரையோடு என் மேசைக்கு வந்தது. பத்தரைக்குக் கவுண்டர் திறந்ததும் இவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கும்போது சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். "பத்து நிமிஷம் முன்னாடியே குடுத்துட்டீங்க, தேங்க்ஸ்," என்றார். கிண்டலா, உண்மையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளைகளை அன்று மதியமே சமுதாயக் கூடத்துக்கு மாற்றினார்கள்.

கடைசியில் ஆணையத்திலிருந்து விசாரணைக்குக் கடிதம் வந்தது. அன்று காலை சாஹேப்ரு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். பதிவேடுகளைத் தூக்க ஆள் வேண்டும் என்றார். கார் ஓடும்போது, நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "நன்றாகத் தேடினேன், மழையில் நனைந்து அழிந்துபோயிருக்கலாம்." இரண்டு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். அதிகாரமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

சின்ன அறை. ஆணையர் மேசைக்கு ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் அவர், பிளாஸ்டிக் கவரில் காகிதங்களோடு தனியாக. சாஹேப்ரு எழுந்து, "கடத சிக்தில்லா சார்" என்றார். கோப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

"யார் தேடினது?" என்று கேட்டார் ஆணையர்.

சாஹேப்ரு என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். ஒரு சாடை காட்டினால், ஒரு கண்ணசைவு இருந்தால், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நிமிஷம் என்னுடையது, இதில் தான் வந்து நிற்கக் கூடாது என்று விட்டுவிட்டார் போல. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. பிறகு வாய் தானாகத் திறந்தது.

"மூணாவது அலமாரி, மேல் தட்டு, பதினேழாவது கட்டு சார். பதிவேட்டுல இருக்கு. சாஹேப்ரு கையெழுத்தும் இருக்கு."

பதினைந்து நாளுக்குள் சான்றிட்ட நகலைக் கொடுக்க வேண்டும், கெடு தாண்டியதால் ஒரு பைசா கட்டணம் வாங்கக் கூடாது, அபராதம் ஏன் போடக் கூடாது என்று அதிகாரி விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவானது. திரும்பும்போதும் அதே காரில்தான் வந்தோம். ஃப்ரேசர் டவுன் சிக்னலில் சாஹேப்ரு, "நீ இங்கேயே இறங்கிக்கோ," என்றார். இறங்கி நடந்தேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் கேப்களுக்கு நேரம் போடுகிற மேசையில் இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் பின்னால் தம்பியின் மனைவிக்கு அரசாங்கத்தில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் பக்கம் அவர் கைக்குப் போன நாள் நான் அங்கே இருந்தேன். எனக்கு அதுதான் கடைசி வாரம். பதினைந்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் சாஹேப்ரு கையெழுத்துப் போட்டு நகலை என் மேசைக்கு அனுப்பினார். தபாலில் சேர்க்க நேரமில்லை. பதினாறாம் நாள் காலை பத்தரைக்கு அந்தப் பெண்மணி வந்து நின்றார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலைக் கொடுத்தேன்.

நான் ஏற்கெனவே பார்த்த பக்கம்தான். அன்றைக்கு நான் கையெழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவர் நின்ற இடத்திலேயே ஆள்காட்டி விரலை வைத்துப் படித்தார். தம்பியின் பெயர். அடுத்த கட்டத்தில் வந்த நேரம், காலை ஆறரை. அடுத்தது கையெழுத்து. அதற்கு அடுத்த கட்டத்தில் விரல் நின்றுவிட்டது. போன நேரம் எழுத வேண்டிய கட்டம். மேலேயும் கீழேயும் எல்லாப் பெயருக்கும் நேரம் போட்டிருந்தது. அவன் பெயருக்கு நேராகக் காலியாக இருந்தது.

தலையை நிமிர்த்தினார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருபது பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் தம்பி அன்னைக்கு வேலைக்கு வந்தான்," என்றார். ஹால் முழுக்கக் கேட்டது. கன்னடத்தில் ஒரு தரம் சொன்னார், தமிழில் ஒரு தரம் சொன்னார். "ஆறரைக்கு வந்தான். கையெழுத்துப் போட்டான். போன நேரம் யாரும் எழுதல பாருங்க. இன்னும் அவன் டூட்டியிலதான் இருக்கான்."

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாஹேப்ரு அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். அந்தப் பெண்மணி தாளைக் கவுண்டர் பலகைமேல் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் விரித்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாக அழுதார். அழுது முடிக்கிற வரைக்கும் எங்களில் யாரும் உட்காரவில்லை.